கட்டுரை திருத்தும் கணிப்பொறி

கட்டுரை எழுதுவதில் மாணவன் படும் இடர்ப்பாட்டை உலகம் அறியும். அதனைத் திருத்துவதில் ஆசிரியர் படும் இடர்ப்பாட்டை அறிந்தவர் சிலரே. நாற்பது மாணவர் உள்ள வகுப்பு ஒன்றில் ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதினால் எண்பது பக்கம் சேர்ந்துவிடும். ஒரு கட்டுரையைப் படித்துப் பிழைகளைக் குறித்து, 'இவ்விடத்தில் கருத்துத் தெளிவில்லை', 'இதற்குச் சான்று வேண்டும்' என்று ஓரத்தில் எழுதப் பத்து நிமிடம் ஆகும் எனக் கொண்டால், நாற்பது கட்டுரைக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் வேண்டும். இத்தகைய வகுப்புகள் ஓர் ஆசிரியருக்கு நான்கோ ஐந்தோ இருக்கும். ஆகவே, கட்டுரை ஏடுகள் பல நாள் கழித்தே மாணவர் கைக்குத் திரும்பி வருகின்றன. அதற்குள் எழுதியவன் தான் எழுதியதையே மறந்துவிடுகிறான். சிவப்பு மையால் எழுதிய குறிப்புகளை விடுத்து, அடியில் உள்ள மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏட்டை மூடிவிடுகிறான். எழுத்துத் தேர்வு நெருங்கும்போது அவனுக்கு வேண்டுவன இரண்டு: பன்முறை எழுதிப் பழகுதல் ஒன்று, எழுதிய சூடு ஆறுவதற்குள் குறைகளை அறிதல் மற்றொன்று. இவ்விரண்டனுள் ஒன்றும் அவனுக்கு எளிதிற் கிட்டுவதில்லை.

இச்சுமையைத் தாமே சுமந்து பார்த்த ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். எல்லிஸ் பேஜ் என்பது அவர் பெயர். தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த அவர், பின்னர்க் கல்வி உளவியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஆசிரியர் எழுதும் குறிப்புகளால் மாணவர்க்கு உண்மையில் பயன் உண்டா என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. எழுபத்து நான்கு ஆசிரியர்கள் அவ்வாராய்ச்சிக்குத் துணைநின்றனர். அவர்கள் வழக்கம்போல் தேர்வு வைத்துத் தாள்களைத் திருத்தினர். பிறகு மாணவரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவினராக்கினர். முதற்பிரிவினரின் தாளில் மதிப்பெண் மட்டுமே இருந்தது. இரண்டாம் பிரிவினரின் தாளில், முன்னரே வரையறுத்து வைத்த ஊக்கமொழி ஒன்று எழுதப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்கோ, ஆசிரியர் தம் மனத்தில் தோன்றியதை அவரவர்க்கு ஏற்ப எழுதினார். அடுத்த தேர்வு முடிந்தபின் ஒப்பிட்டபோது, குறிப்பு ஒன்றும் பெறாதவரைவிடக் குறிப்புப் பெற்றவர் சிறந்து விளங்கினர். அவர்களுள்ளும், தமக்கென்றே எழுதப்பட்ட குறிப்பைப் பெற்றவர் முன்னணியில் நின்றனர். இவ்வாராய்ச்சி 1958-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

குறிப்பு எழுதினால் மாணவன் முன்னேறுகிறான். எழுதவோ ஆசிரியர்க்குக் காலம் இல்லை. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி யாது? அக்காலத்தில் பல்கலைக் கழகங்களில் பேரறையையே நிரப்பும் அளவினவாகிய கணிப்பொறிகள் வந்து சேர்ந்திருந்தன. அவை எண்களைக் கூட்டின. வரவு செலவுகளைக் கணக்கிட்டன. அவற்றைக் கொண்டு கட்டுரையையும் மதிப்பிட்டால் என்ன என்று பேஜ் எண்ணினார். அப்போது அவர் கனெக்டிகட் பல்கலைக் கழகத்தில் பணியாற்றி வந்தார். பொறி கட்டுரைக்கு மதிப்பெண் இடும் காலம் அண்மையில் உள்ளது என்னும் கருத்தமைந்த கட்டுரை ஒன்றை, 1966-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கல்வி இதழ் ஒன்றில் அவர் வெளியிட்டார். படித்தவர்களுட் பலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். பொருள் அறியாத இரும்புப் பெட்டி கட்டுரையின் நயத்தை எவ்வாறு உணரும் என்று கேட்டனர்.

உணராது என்பதைப் பேஜும் அறிவார். அவர் கண்ட வழி வேறு. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கருதி உணர்தலை நம் அளவை நூலார் கருதலளவை என்பர். மலைக்கு அப்பால் எரியும் தீயைக் கண்ணாற் காணல் இயலாது; எழும் புகையைக் காணல் இயலும். பேஜ் செய்ததும் இத்தகையதே. நல்ல எழுத்தின் உள்ளியல்புகளாகிய சொல்வளம், கருத்துச் செறிவு, கோவை ஆகியவற்றைப் பொறியால் அளக்க முடியாது. ஆனால், அவற்றோடு பெரும்பாலும் சேர்ந்து வரும் புற அடையாளங்களை அது எண்ணிவிடும். கட்டுரைக்குத் தலைப்பு இருக்கிறதா? பத்திகள் எத்தனை? வாக்கியங்களின் சராசரி நீளம் என்ன? காற்புள்ளிகள் எத்தனை? எல்லார்க்கும் தெரிந்த எளிய சொற்கள் எவ்வளவு? சொற்களின் நீளம் எவ்வளவுக்கு ஒன்றற்கொன்று வேறுபடுகிறது? இவ்வாறு ஏறத்தாழ முப்பது அடையாளங்களை அவர் தேர்ந்தெடுத்தார்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவர் எழுதிய இருநூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் தொகுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் பல நடுவர்கள் தனித்தனியே படித்து மதிப்பெண் இட்டனர். கட்டுரைகள் எழுத்துப் பிறழாமல் துளையிட்ட அட்டைகளில் பதிக்கப்பட்டுப் பொறிக்குள் செலுத்தப்பட்டன. எந்த அடையாளம் மிகும்போது நடுவர் இட்ட மதிப்பெண் உயர்கிறது, எது மிகும்போது தாழ்கிறது என்பதைப் பொறி கணக்கிட்டு, ஒவ்வோர் அடையாளத்திற்கும் ஓர் எடை வகுத்தது. பின்னர், தான் முன்பு காணாத கட்டுரைகளுக்கு அவ்வெடைகளைக் கொண்டே மதிப்பெண் இட்டது. நடுவர் சிலர் இட்ட மதிப்பெண்களோடு பொறியின் மதிப்பெண்களையும் பெயர் குறியாமல் கலந்து வைத்தால், இது பொறியினுடையது என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. ஒரு நடுவர் மற்றொரு நடுவரோடு எவ்வளவு ஒத்துப்போகிறாரோ, ஏறத்தாழ அவ்வளவு பொறியும் அவர்களோடு ஒத்துப்போயிற்று. நகைத்தவர்கள் இதனை எதிர்பார்க்கவில்லை.

கட்டுரையின் நீளம் பற்றிப் பேஜ் கையாண்ட முறை அறியத்தக்கது. மிகக் குறுகிய கட்டுரையில் சொல்லத்தக்கது சொல்லப்பட்டிராது. ஆதலின், நீளம் ஓர் அடையாளமே. ஆயினும், நீளத்தை அப்படியே கொண்டால் வெற்றுரை விரிப்பவனே வெற்றி பெறுவான். எனவே, பிற்காலத்தில் அமைத்த முறையில் அவர் சொற்களின் எண்ணிக்கைக்கு நான்காம் படிமூலம் கண்டு அதனையே அளவாகக் கொண்டார். நூறு சொல்லில் எழுதிய ஒருவன் ஆயிரத்து அறுநூறு சொல் எழுதினாலும், இந்த அளவு இரு மடங்குதான் உயரும். கணக்கு வகுப்பில் படிமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு இஃது ஒரு விடை.

துளையிட்ட அட்டைகளில் ஒவ்வொரு கட்டுரையையும் பதிப்பதற்குப் பிடிக்கும் காலத்தில், ஆசிரியர் அக்கட்டுரையைத் திருத்தியே முடித்துவிடலாம். எனவே, பேஜின் முறை நெடுங்காலம் நடைமுறைக்கு வாராமல் ஆராய்ச்சியளவிலேயே நின்றது. மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணிப்பொறிகளும் இணையமும் பரவிய பிறகே அதற்கு உயிர் வந்தது. மேலாண்மைக் கல்வியில் சேர விரும்புவோர் எழுதும் ஜிமேட் தேர்வில், 1999-ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மனித நடுவரும் ஈ-ரேட்டர் என்னும் கணிப்பொறி நிரலும் மதிப்பெண் இடலாயினர். இருவரும் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால் இன்னொரு மனித நடுவர் அழைக்கப்பட்டார். கட்டுரைப் பகுதியே இல்லாத புதிய ஜிமேட் தேர்வு 2023-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. ஆயினும், அன்று தொடங்கிய வழக்கம் பிற தேர்வுகளுக்குப் பரவிவிட்டது.

தேர்வில் மதிப்பெண் இடும் பொறியைத் தேர்வுக்கு முன்னரே பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் அன்றோ? இவ்வெண்ணத்தில் தோன்றியவையே பின்னூட்டக் கருவிகள். ஈ-ரேட்டரைக் கொண்டு அமைந்த கிரைட்டீரியன் என்பது அவற்றுள் ஒன்று. மாணவன் திரையில் கட்டுரையைத் தட்டச்சிட்டு அனுப்புகிறான். சில நொடிகளில் ஒன்று முதல் ஆறு வரை ஒரு மதிப்பெண் வருகிறது. அதனோடு, எழுவாய்க்குப் பொருந்தாத பயனிலை, எழுத்துப் பிழை, அடுத்தடுத்து வரும் ஒரே சொல், முடிவுரை இன்மை முதலிய குறைகள் வேறு நிறத்தில் காட்டப்படுகின்றன. மாணவன் திருத்தி மீண்டும் அனுப்பலாம், மீண்டும் அறியலாம். நாற்பதாவது கட்டுரையைப் படிக்கும்போது மனிதனுக்கு வரும் சோர்வு பொறிக்கு வருவதில்லை. முகம் பார்த்தோ கையெழுத்துப் பார்த்தோ அது மதிப்பிடுவதும் இல்லை. கூச்சமுடைய மாணவன் பத்து முறை பிழை செய்தாலும் பொறி ஏளனம் செய்யாது. இவை சிறு நன்மைகள் அல்ல.

ஆயினும், கருவி கையில் இருப்பது வேறு; அதனைப் பயன்கொள்வது வேறு. அமெரிக்கப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்பு மாணவர் இக்கருவிக்கு அனுப்பிய முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை, யிகால் அட்டாலி என்னும் ஆராய்ச்சியாளர் 2004-ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு ஒரே ஒரு முறை அனுப்பப்பட்டவை. எஞ்சியவற்றைத் திருத்தி அனுப்பியவர்களின் பிழைகள் குறைந்தன. மதிப்பெண்ணும் சராசரியாக ஏறத்தாழ அரை எண் உயர்ந்தது. விரைந்து வரும் திருத்தத்திற்காகவே அமைந்த கருவியிடம், பெரும்பாலோர் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கின்றனர். ஏட்டின் அடியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மூடிய கை, இங்குத் திரையையும் அவ்வாறே மூடியிருக்கிறது.

கலிபோர்னியாவில் டக்ளஸ் கிரைம்ஸ், மார்க் வார்சாவர் ஆகிய இருவர் பல பள்ளிகளில் மூன்றாண்டுகள் இருந்து கண்டவை 2010-ஆம் ஆண்டில் வெளியாயின. பொறியைக் கண்டு மாணவர் ஊக்கம் கொண்டனர். மதிப்பெண்ணை உயர்த்துவதை ஒரு விளையாட்டாகவே கருதினர். ஆசிரியர்க்கும் வகுப்பை நடத்துதல் எளிதாயிற்று. ஆனால், மாணவர் திருத்தியவை பெரும்பாலும் எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையுமே. கருத்தை மாற்றி அமைத்தல், பத்தியை முன்பின்னாக வைத்தல், தேவையற்றதை நீக்குதல் ஆகியன அரிதாகவே நிகழ்ந்தன. பொறி எதனைச் சுட்டியதோ அதனையே மாணவன் திருத்தினான். அது சுட்டாத குறை, குறையாகவே அவன் கண்ணுக்குப் படவில்லை.

இதனினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. புகையைக் கொண்டு நெருப்பை அறியலாம் என்பது உண்மையே. ஆனால், புகைக்கே பரிசு என்று அறிந்தவன் ஈர வைக்கோலைக் கொளுத்தத் தொடங்குவான். ஈ-ரேட்டரை அமைத்த நிறுவனமே இதனைச் சோதித்தது. பொறியை ஏமாற்றுமாறு எழுதித் தருக என்று எழுத்தறிஞர் சிலரை அது வேண்டிக்கொண்டது. அவர்களுள் ஒருவர் சில பத்திகளை மட்டும் எழுதி, அவற்றையே முப்பத்தேழு முறை திரும்பத் திரும்ப வைத்து அனுப்பினார். பொறி அதற்கு முழு மதிப்பெண் வழங்கியது. இம்முடிவை மறைக்காமல் 2001-ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டமை பாராட்டத்தக்கது. அத்தகைய கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் வழிகளும் பின்னர் அமைக்கப்பட்டன.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்துப் பயிற்சித் துறையில் பணியாற்றிய லெஸ் பெரல்மன் இக்கருவிகளை நெடுநாள் எதிர்த்து வந்தவர். 1812-ஆம் ஆண்டுப் போர் 1945-ஆம் ஆண்டில் தொடங்கியது என்று எழுதினாலும் பொறிக்கு அதுபற்றிக் கவலை இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். சொற்றொடர் பிழையின்றி அமைந்திருந்தால் அதற்குப் போதும். 2014-ஆம் ஆண்டில் அவரும் மாணவர் சிலரும் சேர்ந்து பேபல் என்னும் நிரல் ஒன்றை இயற்றினர். மூன்று சொற்களைக் கொடுத்தால், நொடிப் பொழுதில் அது ஒரு முழுக் கட்டுரையைக் கொட்டிவிடும். அக்கட்டுரையில் அரிய சொற்கள் நிறைந்திருக்கும். நீண்ட வாக்கியங்கள் இருக்கும். பொருள் மட்டும் இராது. 'தனியுரிமை' என்னும் கருத்துடைய சொல்லைத் தந்து பெற்ற கட்டுரையை, விற்பனையில் இருந்த ஒரு பயிற்சிக் கருவிக்கு அனுப்பினார் பெரல்மன். ஆறுக்கு 5.4 மதிப்பெண் வந்தது. ஒரு பொறி பொருளின்றி எழுத, மற்றொரு பொறி பொருளறியாமல் பாராட்டியது. கருவியை ஆதரித்தவர்கள் இதற்கு ஒரு விடை கூறினர்: பள்ளி மாணவன் எவனும் பேபல் எழுதுவதுபோல் எழுதமாட்டான், அவ்வாறு எழுதும் திறன் உடையவன் நன்றாகவே எழுதிவிடுவான். இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், முழுப் பித்தலாட்டம் செய்யாத மாணவனும் சிறு சிறு பொய்ப்புகை எழுப்பப் பழகிவிடுவான். எளிய சொல் போதுமான இடத்தில் நெடுஞ்சொல்லை நுழைப்பான். சொல்லி முடித்த கருத்தை இன்னொரு பத்தியில் நீட்டுவான். தேர்வுக்காகப் பழகிய கை, தேர்வு முடிந்த பின்னும் அப்பழக்கத்தை விடுவதில்லை.

அங்ஙனமாயின், இக்கருவியை வகுப்பறையில் எங்கு வைப்பது? ஜோஷுவா வில்சன், அமண்டா சிக் ஆகிய இருவர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தேடியது. எட்டாம் வகுப்பில் சில பிரிவினர்க்கு ஆசிரியரின் குறிப்போடு பொறியின் குறிப்பும் கிடைத்தது. அப்பொறி, பேஜ் தொடங்கிய முறையின் வழிவந்ததே. மற்றப் பிரிவினர்க்கு ஆசிரியரின் குறிப்பு மட்டுமே கிடைத்தது. ஆசிரியர் எழுதிய குறிப்புகளின் அளவு இரண்டிடத்தும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பொறி வந்ததால் ஆசிரியர் ஓய்வு பெற்றுவிடவில்லை. ஆனால், குறிப்புகளின் தன்மை மாறியது. எழுத்துப் பிழையைப் பொறி பார்த்துக்கொண்ட வகுப்புகளில், கருத்தையும் அமைப்பையும் பற்றி ஆசிரியர் எழுதியது கூடுதல் விகிதத்தில் இருந்தது. மாணவரின் விடாமுயற்சியும் வளர்ந்தது. முடிவில் எழுதிய கட்டுரைகளின் தரத்திலோ இருசாராரிடையே வேறுபாடு தோன்றவில்லை. பொறியை விற்போர் இக்கடைசி வரியை விளம்பரத்தில் சேர்ப்பது ஐயமே.

இது நிற்க. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி போன்ற புதிய மொழிக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. இவை காற்புள்ளிகளை எண்ணும் பழைய பொறிகள் போன்றவை அல்ல. போரின் ஆண்டு தவறு என்று சுட்டவும், 'இப்பத்திக்குச் சான்று வேண்டும்' என்று சொற்றொடராகவே குறிப்பு எழுதவும் இவற்றால் இயலும். சில வேளைகளில் சரியானதைத் தவறென்று அதே உறுதியோடு கூறுவதும் உண்டு. ஆனால், பழைய பொறியிடம் இல்லாத ஓர் ஆபத்து இவற்றிடம் இருக்கிறது. குறைகளைச் சொல் என்று கேட்கும் மாணவன், அடுத்த நொடியில் நீயே எழுதித் தா என்றும் கேட்டுவிடலாம். அது மறுக்காமல் எழுதித் தரும். பழைய பொறி மாணவனை மீண்டும் எழுதச் சொல்லியது. புதியது அவனை எழுதாமலே இருக்கவும் விடுகிறது. தேர்வு அறையிலோ அவன் தனித்தே அமர வேண்டும்.

பேஜ் 2005-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றபின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஒரு முடிவெடுத்தது. அங்கு மூன்றாம் வகுப்பு முதலே மாணவர் மாநிலத் தேர்வில் சொந்த நடையில் விடைகளும் கட்டுரைகளும் எழுதுகின்றனர். 2024-ஆம் ஆண்டு வசந்த காலத் தேர்வில் அவற்றைப் பொறியே முதலில் மதிப்பிடும் என்று கல்வித் துறை அறிவித்தது. மனிதர் மதிப்பிட்ட ஏறத்தாழ மூவாயிரம் விடைகளைக் கொண்டு அப்பொறி பழக்கப்பட்டிருந்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ ஆறாயிரம் மனித நடுவர்கள் வேலை செய்தனர். அவ்வாண்டில் இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே போதும் எனக் கணிக்கப்பட்டது. பல கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் கூறப்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் பலர் கவலை தெரிவித்தனர். தம் மாணவர் தேறுவதும் தம் பள்ளி நற்பெயர் பெறுவதும் பொறியின் எண்ணைப் பொறுத்தனவாகிவிடுமே என்பது அவர்கள் கவலை.

அம்முறையில் நான்கில் ஒரு பங்கு விடைகளை மனிதர் மீண்டும் படிப்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அவற்றுள் ஒருவகை விடைகள், பொறியே தன் முடிவில் உறுதியில்லை என்று ஒதுக்குபவை. பேச்சுவழக்குச் சொற்கள் நிறைந்தவையும் ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதப்பட்டவையும் இவ்வாறு ஒதுக்கப்படும். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் வீட்டில் பேசும் மொழியிலேயே விடையை எழுதிவிட்டால், அந்தத் தாள் ஒரு மனிதரின் மேசைக்குச் செல்லும்.